காரணம் சொல்லாமல் நின்றுவிடும் கணினி

விளையாட்டுக்கென்றே அமைத்த கணினியொன்று, ஆட்டம் உச்சநிலையில் இருக்கும் வேளையில் திடீரென நின்றுவிடுகிறது. சிலவேளை ஆட்டம் மட்டும் மறையும்; சிலவேளை நீலத்திரை தோன்றும்; சிலவேளை பொறியே அணைந்து மீண்டும் உயிர்பெறும். நேற்று மூன்று மணிநேரம் ஓடிய அதே ஆட்டம் இன்று மூன்று நிமிடமும் ஓடாது. நாளை யாதொரு குறையுமின்றி ஓடினும் ஓடும். என்றும் ஒரே இடத்தில் நிகழும் பிழையைக் கண்டுபிடித்தல் எளிது. நினைத்தபோது வந்து நினைத்தபோது மறையும் பிழையே மனிதரை அலைக்கழிப்பது. மாதக்கணக்கிற் பணம் சேர்த்து அத்தகைய கணினியை வாங்கிய இளைஞன், பழுது எதிலென்று அறியாமல் உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவானாயின், சேமிப்பில் எஞ்சியதும் கரைந்துபோகும். பழுதோ அப்பொழுதும் போகாதிருத்தல் கூடும்.

இங்கே முதலில் மனத்திற் கொள்ளத்தக்கது யாதெனில், கணினி காட்டும் பிழைச்செய்தியைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்பதாகும். அஃது ஒரு சாட்சியின் வாக்குமூலம் போன்றது. தான் கண்டதைக் கூறும். கண்டதற்குக் காரணம் எதுவென்பதை அஃது அறியாது. இதற்கு அண்மைக்காலச் சான்றொன்று உண்டு.

இன்ரெல் நிறுவனம் தனது கோர் வகைப் புரொசசர்களின் 13ஆம் தலைமுறையை 2022 அக்டோபரிலும், 14ஆம் தலைமுறையை 2023 அக்டோபரிலும் விற்பனைக்கு விட்டது. இவற்றுள் உயர்ந்தவை ஏறக்குறைய ஆறு கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கவல்லவை. இவற்றை வாங்கியோர் பலரின் கணினிகள், சில மாதங்கள் நன்றாக இயங்கிய பின்னர், ஆட்டங்களின் நடுவே நின்றுபோகத் தொடங்கின. சிறப்பாக, அன்ரியல் என்னும் மென்பொருளைக் கொண்டு ஆக்கப்பட்ட ஆட்டங்கள், "காட்சி நினைவகம் போதாது" என்று அறிவித்துவிட்டு மூடிக்கொண்டன. 24 கிகாபைற்று நினைவகமுடைய மிக விலையுயர்ந்த காட்சி அட்டையைப் பூட்டியிருந்தோருக்கும் இதே செய்திதான் கிடைத்தது. அட்டையில் இடம் ஏராளமாக இருக்க, இடமில்லை என்று கணினி சாதித்தது! அச்செய்தியை நம்பிப் பலர் அட்டையையே குற்றவாளியாகக் கொண்டனர். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை இதுவே.

உண்மையில் நிகழ்ந்தது வேறு. ஆட்டத்துக்கு வேண்டிய தரவுகள் யாவும் இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுச் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். ஆட்டம் தொடங்குகையில் அவற்றை அவிழ்த்துக் காட்சி அட்டைக்கு ஏற்றவாறு ஆயத்தஞ் செய்யும் வேலை புரொசசரைச் சார்ந்தது. படமொன்றை வரைகையில் ஓர் இலக்கம் பிழைத்தால் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறும். அதனை எவரும் கவனியார். சுருக்கிய தரவின் இயல்போ அவ்வாறன்று. கடைக் கணக்கேட்டில் முற்பக்கத்துத் தொகையைப் பிற்பக்கத்துக்குக் கொண்டுசெல்லும்போது ஓர் இலக்கம் தவறினால், அதன்பின் வரும் பக்கங்கள் யாவும் தவறாகுமன்றோ? அதுபோல, அவிழ்க்கும் வேளையில் புரொசசர் ஒருமுறை தவறினாலும் அதன்பின் வருவன யாவும் குழம்பும். அவிழ்க்கும் மென்பொருள் அக்குழப்பத்தைக் கண்டு வேலையை நிறுத்தியது. ஆட்டமோ அதற்குக் காரணம் நினைவகக் குறைவே என்று பிழையாகப் பொருள்கொண்டு அறிவித்தது. அவ்வவிழ்க்கும் மென்பொருளை ஆக்கியோரே இதனை விளக்கி, புரொசசரின் வேகத்தைச் சற்றே குறைத்துப் பார்க்குமாறு ஆலோசனை கூறினர். 2024 ஏப்ரலில், காட்சி அட்டைகளைச் செய்யும் என்விடியா நிறுவனமும், இத்தகைய புரொசசர் உடையோர் இன்ரெல் நிறுவனத்தையே நாடவேண்டும் என அறிவுறுத்தியது.

புரொசசர் ஏன் தவறியது? தாய்ப்பலகைகளைச் செய்வோர் மின்வலு வரம்புகளைத் தளர்த்திவிட்டமையே காரணம் என்னும் ஐயம் முதலில் எழுந்தது. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆயினும் அதுவே முழுக்காரணமன்று. 2024 யூலை மாதத்தில் இன்ரெல் நிறுவனம், புரொசசரின் உள்ளே உறையும் அடிப்படைக் கட்டளைத் தொகுதியிற் பிழையுண்டென்றும், அதனால் அது தேவைக்கு மேற்பட்ட வோல்ற்றளவைக் கேட்டுப் பெறுகின்றதென்றும் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் மாதத்தில் வெளிவந்த திருத்தம் 1.55 வோல்ற்றுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைத் தடுத்தது. செப்ரெம்பரில் மேலும் ஒரு திருத்தம் வந்தது. அத்துடன் வெளிவந்த விளக்கமே வியப்புக்குரியது: கடும் வேலையின்போது மட்டுமன்றி, கணினி ஏறக்குறைய ஓய்ந்திருக்கும் வேளையிலும் அவ்வுயர்ந்த வோல்ற்றளவு கோரப்பட்டிருந்தது. புரொசசரின் பகுதிகள் யாவும் ஒரே தாளத்தில் இயங்குமாறு துடிப்பை வழங்கும் சுற்றொன்று அதனுள் உண்டு. உயர்ந்த வோல்ற்றளவாலும் வெப்பத்தாலும் அச்சுற்று உரிய காலத்துக்கு முன்னரே மூப்படைந்தது. தாளம் பிசகினால் ஆடுவோர் தடுமாறுவர் அல்லவா?

திருத்தம் இனிவரும் கேட்டைத் தடுக்குமேயன்றி, முன்னரே மூப்படைந்த புரொசசரை மீட்காது. ஆதலின் இன்ரெல் நிறுவனம் உத்தரவாதக் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டியது. மடிக்கணினிகளுக்கான புரொசசர்களை இக்குறை பற்றவில்லை என்றும் அது கூறியது.

நின்றுபோகும் கணினிகள் யாவற்றுக்கும் இதுவே காரணமென்று கொள்ளலாகாது. பழுதான நினைவகத் துண்டு, வலுக்குறைந்த மின்வழங்கி, தளர்ந்த இணைப்பு, பொருந்தாத மென்பொருள் என வேறு காரணங்களும் பலவுண்டு. இங்கும் சாட்சியை அளவறிந்தே நம்பவேண்டும். விண்டோஸ் வைத்திருக்கும் நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்னும் எண்ணுடைய குறிப்பைக் கண்டவுடன், மின்வழங்கி பழுதென்று முடிவுகட்டுவோர் பலர். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அக்குறிப்பு பெரும்பாலும் எதனையும் சொல்வதில்லை. யாரேனும் ஆளியை அணைத்தாலும் அதே குறிப்புத்தான் எழுதப்படும்.

செலவில்லாத சோதனைகளை முதலிற் செய்தல் நன்று. நினைவகத்தை அதன் பெட்டியில் விளம்பரப்படுத்திய உயர்வேகத்தில் ஓட்டுவது, பெரும்பாலும் பொதுநியமத்துக்கு மேற்பட்ட ஓட்டமாகும். ஆதலின் பயொஸ் அமைப்பில் அதனைச் சாதாரண வேகத்துக்கு இறக்கி, வேகம் கூட்டிய வேறு ஏற்பாடுகளையும் நீக்கி, சில நாட்கள் பார்க்கவேண்டும். பின்னர் மெம்ரெஸ்ற் 86 போன்ற சோதனையை ஓர் இரவு முழுதும் ஓடவிடலாம். அதில் ஒரேயொரு பிழை தோன்றினாலும் அதனைப் புறக்கணித்தல் தகாது. செய்தி எதுவுமின்றிப் பொறி முழுதும் அணைந்து எழுமாயின் மின்வழங்கியை ஐயுறுதல் பொருந்தும். புதிய காட்சி அட்டைகள் கணநேரத்துக்குத் தம் வழமையிலும் மிகுதியான மின்வலுவை இழுப்பனவாதலால் பழைய வழங்கி ஈடுகொடாது போகலாம். புரொசசரின் வேகத்தைச் சிறிது இறக்கியதும் கோளாறு நின்றுவிட்டால், புரொசசரே ஐயத்துக்குரியது.

எதைச் செய்தாலும் ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றவேண்டும். ஒரே மாலையில் நினைவகத்தை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, தூசியையும் துடைத்தவனுக்குக் கணினி சரியாகிவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் எதனால் சரியாயிற்று என்பதை அவன் அறியான். பத்து நாளின் பின் கோளாறு திரும்பி வந்தால் தொடக்கத்திலிருந்தே தேடவேண்டும்.

13ஆம் அல்லது 14ஆம் தலைமுறைப் புரொசசர் பூட்டிய மேசைக்கணினி உடைய நேயர்கள், மேற்கூறியவற்றுக்கெல்லாம் முன்னர், தாய்ப்பலகையின் பயொஸ் 2024 செப்ரெம்பருக்குப் பிற்பட்டதா என்று பார்த்தல் வேண்டும். பழையதாயின் அதனைப் புதுப்பித்து, கோளாறு வந்த நாள், நேரம், ஆட்டத்தின் பெயர், தோன்றிய செய்தி ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவரலாம். கோளாறு தொடர்ந்தால் அந்தக் கொப்பியையும் வாங்கிய பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு, ஐந்தாண்டு கழியுமுன் விற்றவரிடம் செல்லலாம்.