பழைய மருந்தும் மறதி நோயும்

பாட்டியார் உண்ணும் சர்க்கரை மாத்திரை, பெற்ற மகனையே யாரென வினவும் தாத்தாவிற்கும் உதவுமோ என்று அனந்தபுரத்து மாணவர் ஒருவர் நம்மைக் கேட்டனர். வீண் வினா அன்று. புது மருந்து ஆக்கப் பல்லாண்டு செல்லுமாதலின், பிற பிணிக்கென அமைந்தவற்றையே ஆல்சைமர் என்னும் மறதி நோய்க்கும் அறிஞர் ஆராய்கின்றனர்; அவற்றின் தீங்குகள் பெரும்பாலும் முன்னரே அறியப்பட்டவை அன்றோ!

1960-களில் நீரிழிவுக்கென இயற்றிய மெமாண்டின் சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஆயினும், மூளையில் குளூட்டமேட்டு என்னும் பொருள் நரம்புகளை மிகையாகத் தூண்டுவதை அது தடுப்பதால், 2002-இல் ஐரோப்பாவிலும் 2003-இல் அமெரிக்காவிலும் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. நோயை நீக்காது, துன்பத்தைச் சிறிது தணிக்கும், அவ்வளவே.

சர்க்கரையை நன்கு அடக்கும் செமாக்ளுடைடு மாத்திரையையோ ஏறத்தாழ 3,800 நோயாளரைக் கொண்டு ஈராண்டு சோதித்தனர். 2025 நவம்பரில் முடிவு வெளிவந்தது: நோயின் வேகம் குறையவில்லை.