கொட்டியாரக் குடாவும் சித்தியின் ரத்தமும்

தம்பி தங்கைமாரே, போன கிழமை எங்கள் வீட்டில் நடந்த கதை இது.

சித்தி கிளினிக்குக்குப் போய் வந்து, ரத்தப் பரிசோதனை ரிப்போட்டை மேசையில் வைத்தார். அவருக்கு இப்போது ஆறாம் மாதம். எங்கள் சின்னவள் தரம் ஐந்தில் படிக்கிறாள். கண்ணில் பட்ட எதையும் வாசிக்காமல் விடமாட்டாள். ரிப்போட்டில் விரல் வைத்து வாசித்தவள் முகம் வாடி ஓடி வந்தாள்.

"மாமா, சித்திக்கு ரத்தம் காணாது! பன்னிரண்டுக்கு மேல இருக்கவேணும் எண்டு போட்டிருக்கு. சித்திக்கு 11.2தான் இருக்கு!"

அவள் பார்த்தது ஈமோகுளோபின் அளவு. நம் குருதியின் செங்குழியங்களுக்குள் இருக்கும் சிவப்புப் பொருள் அது. நுரையீரலில் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்குவது அதன் வேலை. 100 மில்லிலீற்றர் குருதியில் அது எத்தனை கிராம் இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

"மார்கழி மழையில மகாவலி பெருகி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில விழுமே, அப்ப ஆத்துவாய்க் கடல் தண்ணி எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

"உப்புக் குறைஞ்சிருக்கும்."

"உப்பை ஆராவது அள்ளிக்கொண்டு போனவையா?"

"இல்லை, தண்ணி கூடிப்போச்சு!"

சித்தியின் உடம்பிலும் அதுதான் நடக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவுறுவதற்கு முன் ஒரு பெண்ணின் குருதியைப் பத்துப் பங்காக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறு பங்கு மஞ்சள் நிறத் திரவவிழையம், நாலு பங்கு குழியங்கள். கர்ப்ப காலத்தில் திரவவிழையம் ஏறத்தாழப் பாதியளவு கூடும்: ஆறு ஒன்பதாகும். செங்குழியங்களும் கூடும், ஆனால் கால்வாசி அளவுதான்: நாலு ஐந்தாகும். மொத்தம் பதினாலு பங்கு. முன்பு நூற்றுக்கு நாற்பதாக இருந்த குழியங்கள் இப்போது நூற்றுக்கு முப்பத்தாறு. செங்குழியங்கள் கூடியிருக்கின்றன, ஆனாலும் பரிசோதனை எண் இறங்கிவிட்டது!

இளகிய குருதி, குழந்தைக்கு உணவும் ஒட்சிசனும் தரும் சூல்வித்தகத்துக்குள் இலகுவாக ஓடும். பிள்ளை பிறக்கும்போது கொஞ்சம் குருதி போனாலும் அம்மாவின் உடம்பு தாங்கும்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் குருதிச்சோகை. கர்ப்பிணிக்கு 11, நடு மூன்று மாதங்களில் 10.5. ஆறாம் மாதத்துச் சித்திக்கு 11.2 நல்ல அளவுதான்.

வெண்குழியங்களின் கதை நேர்மாறு. ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். கர்ப்பிணிக்கு 13,000 இருந்தாலும் அது காய்ச்சலின் அடையாளமாக இருக்கவேண்டியதில்லை. சிறுநீரகம் வெளியேற்றும் கிரியற்றினின் என்ற கழிவுப் பொருளைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்வதால் குருதியில் அது குறைந்துவிடும். 100 மில்லிலீற்றரில் 1.0 மில்லிகிராம் மற்றப் பெண்களுக்குச் சாதாரணம்; கர்ப்பிணிக்கு என்றால் டொக்டர் இன்னொருமுறை பார்ப்பார். எண் ஒன்றுதான், அது யாருடைய உடம்பின் எண் என்று தெரிந்தால்தான் பொருள் விளங்கும்.

ஆனால் எல்லா இறக்கத்தையும் "தண்ணீர் கூடியது" என்று விட்டுவிடக்கூடாது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டொக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் கடும் குருதிச்சோகையால் வாடினார்கள். அவர்களுடைய செங்குழியங்கள் வழமையைவிடப் பெரிதாக இருந்தன. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வில்ஸ் தேடிப் பார்த்தார். குன்னூரிலும் சென்னையிலும் கூட ஆராய்ந்தார். கடைசியில் அவர்களைத் தேற்றியது எது தெரியுமா? நாம் பாணில் பூசிச் சாப்பிடும் மார்மைட்! 1931இல் அவர் அதை எழுதி வெளியிட்டார். மார்மைட்டுக்குள் இருந்த அந்தச் சத்துக்குப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. கீரை இலையிலிருந்து பிரித்தெடுத்ததால், இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று. இன்று நம் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

"அப்ப சித்திக்கு நல்ல அளவெண்டால் மாத்திரை ஏன்?" என்றாள் சின்னவள்.

"வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளையும் தன்ர ரத்தத்தை உண்டாக்கவேணும். அதுக்கு வேண்டிய இரும்பை அம்மாட்ட இருந்துதான் எடுக்கும். அதனாலதான் மாத்திரை, முருங்கை இலை, மீன் எல்லாம். மாத்திரையோட தேத்தண்ணி மட்டும் கூடாது. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடிச்சு வைச்சிரும். தேசிக்காய்த் தண்ணி நல்லது."

அன்று பின்னேரம் சித்தி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கை நீட்டினார். சின்னவள் அதை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"ஒரு மணித்தியாலம் பொறுங்கோ, சித்தி. தம்பிப் பிள்ளை முதல்ல இரும்பை எடுக்கட்டும்!"