அரசன் நடந்த நெடுவழி

சதுரங்கத்தைத் தொழிலாகக் கொண்டோரின் ஆட்டங்களே நூல்களில் நிலைபெறும் என எண்ணுவோர் உளர். 1912ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் இலண்டன் நகரச் சதுரங்கக் கழகத்தில் நிகழ்ந்த ஆட்டமொன்று அவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கின்றது. ஆடிய இருவரும் சதுரங்கத்தால் வயிறு வளர்த்தவரல்லர். கிண்ணத்துக்காக ஆடியதுமன்று; நட்புமுறை ஆட்டமே.

வெள்ளைக் காய்களை ஆடிய எட்வேட் லாஸ்கர் ஒரு பொறியியலாளர். உலக வீரராயிருந்த இமானுவேல் லாஸ்கர் வேறொருவர். கறுப்புக் காய்களை ஆடியவர் ஜோர்ஜ் தோமஸ். பூப்பந்தாட்டத்துக்கான தோமஸ் கிண்ணம் இவர் பெயரால் வழங்குவதே.

பத்து நகர்வுகள் அமைதியாகக் கழிந்தன. தோமஸ் கோட்டை கட்டித் தம் அரசனைக் காவலுள் வைத்துவிட்டார். பதினோராம் நகர்வில் லாஸ்கர் தம் அரசியைக் கொண்டு அரசனருகே நின்ற காலாளை வெட்டினார். காப்பற்ற அரசி! அரசன் அவளை வெட்டுதலன்றி வேறு வழியில்லை. வெட்டியதும் ஒரு குதிரை பாய்ந்தது. அது தானும் முற்றுகையிட்டது. தனக்குப் பின்னின்ற அமைச்சருக்கும் வழிதிறந்தது. இரட்டை முற்றுகைக்கு மறுமொழி ஒன்றே: அரசன் பெயர்தல் வேண்டும். மூலைக்குத் திரும்பின் மற்றக் குதிரை அங்கேயே ஆட்டத்தை முடித்துவிடும். ஆகவே முன்னே வந்தான்.

இங்கேதான் ஆட்டத்தின் நயம் உள்ளது. அரசன் வைக்கும் ஒவ்வோரடிக்கும் ஒரு முற்றுகை. ஒவ்வொரு முற்றுகையும் அவனை மேலும் பகைவர் நடுவே தள்ளுகின்றது. காலாள், அமைச்சர், கோட்டை என எளிய காய்களே அவனை ஓட்டிச் செல்கின்றன. கறுப்பின் அரசியோ தன் படையிடையே நின்று வாளாவிருக்கின்றாள். ஏழடி நடந்து வெள்ளையரின் கடைசி வரிசையையே அடைந்தான் அரசன். பதினெட்டாம் நகர்வில் லாஸ்கர் தம் அரசனை ஓரடி விலக்க, மூலையில் அசையாது நின்ற கோட்டைக்கு வழி திறந்தது, ஆட்டம் முடிந்தது. அவ்விடத்திற் கோட்டை கட்டியும் வென்றிருக்கலாம். அதுவே அழகென்பர் சிலர். எனக்கு அரசனின் அந்த ஓரடியே பிடிக்கும். ஒரு நகர்வு முன்னதாக முடிக்கும் வழியும் பின்னர் ஆராய்ந்தோரால் காணப்பட்டது. எனினும் அவ்வழியை எவரும் நினைவிற் கொள்வதில்லை.

தோற்ற தோமஸ் சினங்கொள்ளவில்லை. ஆட்டம் மிக நன்றென்றே கூறினாராம். அவர் 1923இலும் 1934இலும் பிரித்தானிய வெற்றிவீரரானார். 1934-35இல் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கப்பபிளாங்காவையும் பொட்வினிக்கையும் வென்றார்.