மீனை ஏமாற்றும் பொய்ப் பூச்சி!

காஷ்மீரில் ஏப்ரல் மாதம்.

மலை உச்சிகளில் இன்னும் வெண்பனி மூடிக் கிடக்கிறது. பள்ளத்தாக்கில் பாதாம் மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. கூழாங்கற்களின் மேல் சலசலத்து ஓடுகிறது ஓர் ஓடை. தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துவிடும். அத்தனை குளிர்ச்சி!

அந்த ஓடையில் முழங்கால் அளவு தண்ணீரில் ஒருவர் நிற்கிறார். கையில் நீண்ட மெல்லிய கோல். அதைத் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசுகிறார். கோலின் நுனியில் கட்டிய நூல் காற்றில் பாம்பு போல் நெளிகிறது. பிறகு மெல்ல நீண்டு, தண்ணீரின் மேல் படிகிறது.

நூலின் முனையில் தூண்டில் முள் இருக்கிறது. ஆனால் அதில் புழு இல்லை. மாவு இல்லை. இறைச்சித் துண்டும் இல்லை. சிறிதளவு கோழி இறகு, கொஞ்சம் பட்டு நூல், இரண்டொரு மயிர்! இவ்வளவுதான் இரை. இதைத் தின்ன மீன் வருமா?

வருகிறது. அதுவும் சாதாரண மீன் அல்ல. மீன்களுக்குள்ளே மிகவும் சந்தேகப் புத்தி கொண்டது என்று பெயர் வாங்கிய டிரவுட் மீன்!

ஒரு நாள் வாழ்க்கை

டிரவுட் ஏன் இறகைக் கவ்வுகிறது? அதற்கு ஓடையில் வாழும் ஒரு சின்னப் பூச்சியின் கதை தெரிய வேண்டும்.

நம் ஊரில் மழைக்குப் பின் ஈசல் கிளம்புவதைப் பார்த்திருக்கிறோம். மாலையில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். காலையில் இறகுகள் மட்டும் கிடக்கும். அதைப் போல மலை ஓடைகளிலும் ஒரு பூச்சி இனம் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'மே ஈ' என்று பெயர். ஈசலுக்கு அது உறவு அல்ல. ஆனால் அதன் வாழ்வும் ஈசலின் வாழ்வைப் போலவே கண நேர வாழ்வு.

இந்தப் பூச்சி பல மாதங்கள் தண்ணீருக்கடியில் கற்களைப் பற்றிக்கொண்டு புழுவாக வாழ்கிறது. வசந்தம் வந்து தண்ணீர் சற்றே சூடேறியதும் மேலே வருகிறது. தோலை உரிக்கிறது. சிறகு விரித்துப் பறக்கிறது. இணை சேர்கிறது. முட்டையிடுகிறது. இறந்துவிடுகிறது. சிறகு முளைத்த பிறகு அதற்கு உணவே கிடையாது. உண்பதற்கு ஏற்ற வாயும் கிடையாது! பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள்தான் அதன் ஆயுள்.

இந்தப் பூச்சிகள் கிளம்பும் நேரம்தான் டிரவுட்டுக்கு விருந்து நேரம். குளிர்காலம் முழுவதும் அரைப் பட்டினியாகக் கிடந்த மீன், தண்ணீரின் மேல் மிதந்து வரும் பூச்சிகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி விழுங்குகிறது.

அந்தப் பூச்சியைப் போலவே இறகால் ஒரு பொய்ப் பூச்சி செய்து, அதற்குள் முள்ளை மறைத்து வைத்தால்? மீன் ஏமாறுகிறது. இதுதான் இந்த வித்தையின் ரகசியம்.

1,800 ஆண்டுப் பழமை

இது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் வாழ்ந்த ஏலியன் என்ற எழுத்தாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாசிடோனியா நாட்டு ஆறு ஒன்றில் புள்ளி போட்ட மீன்கள் இருந்தனவாம். அந்த ஊர்க்காரர்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்தார்களாம்.

அவர்கள் உண்மைப் பூச்சியையே முள்ளில் குத்தியிருக்கலாமே? மனிதன் கை பட்டால் அந்தப் பூச்சி நிறம் கெட்டு, சிறகு வாடி, பயனற்றுப் போய்விடும் என்று ஏலியனே காரணமும் சொல்கிறார்.

1496-இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு நூலில் பன்னிரண்டு வகைப் பொய்ப் பூச்சிகள் செய்யும் முறை இருக்கிறது. இன்று ஆயிரக்கணக்கான வகைகள் வந்துவிட்டன.

நம் காட்டுக்கோழியின் இறகு

இந்த வித்தையில் தென்னாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற காடுகளிலும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. சேவலின் கழுத்து இறகுகளில் அரக்கைச் சொட்டு விட்டாற்போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். பொய்ப் பூச்சிக்கு இந்த இறகை ஒட்டினால் கண் வைத்தது போல் இருக்கும். அதனால் ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த இறகுகள் கப்பல் ஏறிச் சீமைக்குப் போயின. சால்மன், டிரவுட் மீன்களைப் பிடிக்க அவை பயன்பட்டன.

பாவம், மீனை ஏமாற்றக் கோழி உயிரை விட்டது! 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது இந்தியாவில் காட்டுக்கோழியை வேட்டையாடுவது குற்றம். வெளிநாடுகளில் பண்ணையில் வளர்க்கும் பறவைகளின் இறகும், செயற்கை இறகுமே இந்த வேலைக்குப் பயன்படுகின்றன.

கோல் வீசும் கலை

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு இருக்கும். அதன் கனத்தால் நூல் தொலைவில் போய் விழும். இந்தத் தூண்டிலில் குண்டு கிடையாது. இறகுக்கு எடை ஏது? பஞ்சை எறிந்தால் எவ்வளவு தூரம் போகும்?

அதற்காக நூலையே தடிப்பாகவும் கனமாகவும் செய்திருக்கிறார்கள். கோலைப் பின்னால் வீசும்போது நூல் முதுகுப் பக்கம் நீள வேண்டும். அது முழுவதும் நீளும்வரை ஒரு நொடி பொறுத்திருக்க வேண்டும். பிறகு கோலை முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு நொடிப் பொறுமை இல்லாதவர்களுக்கு நூல் சிக்கலாகி விடும். அல்லது முள் சட்டையிலேயே மாட்டிக்கொள்ளும்!

தடித்த நூலின் முனையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு ஒன்றைக் கட்டுகிறார்கள். அதன் நுனியில்தான் பொய்ப் பூச்சி. அது தண்ணீரில் பூ விழுவது போல் விழ வேண்டும். 'தொபக்' என்று விழுந்தால் மீன் அடுத்த நொடியே பாறைக்கடியில் போய்விடும்.

டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேற்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ பாராமல், தண்ணீர் வரும் திசையையே நோக்கி நிற்கும். இரை வருவது அந்த வழியில்தானே! ஆகவே விவரம் தெரிந்தவர்கள் மீனுக்குப் பின்புறமாக, ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வருகிறார்கள். தம் நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

பூச்சி நீரோட்டத்தோடு தானாக மிதந்து வர வேண்டும். நூல் இழுத்து அது கொஞ்சம் கோணலாக ஓடினாலும் போதும், மீன் கண்டுபிடித்துவிடும். கிட்டே வந்து முகர்ந்து பார்ப்பது போல் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விடும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அது இதுதான்!

பனிக்கட்டியில் பயணம்

டிரவுட் காஷ்மீரின் சொந்த மீன் அல்ல. அது வந்து குடியேறிய கதை சுவையானது.

டிரவுட் ஐரோப்பாவின் குளிர்ந்த நீரில் பிறந்த மீன். வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் அதையும் கொண்டு போக ஆசைப்பட்டார்கள். மீனை உயிரோடு கொண்டு போக முடியவில்லை. எனவே முட்டைகளைக் கொண்டு போனார்கள். ஈரப் பாசியில் முட்டைகளைப் பொதிந்து, பெட்டியில் அடைத்து, பெட்டிகளைப் பனிக்கட்டிக்குள் வைத்தார்கள். குளிரில் முட்டை பொரிவது தாமதமாகும். 1864-இல் 'நார்போக்' என்ற கப்பல் இவ்வாறு இங்கிலாந்திலிருந்து முட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து டாஸ்மேனியாத் தீவுக்குப் போன முட்டைகளிலிருந்து உயிருள்ள குஞ்சுகள் பொரிந்தன!

காஷ்மீருக்கு 1899-இல் முதல் தொகுதி முட்டைகள் அனுப்பப்பட்டன. பெட்போர்டு பிரபு அவற்றை நன்கொடையாகக் கொடுத்தார். அப்போது காஷ்மீரை ஆண்டவர் மகாராஜா பிரதாப் சிங். கப்பல், ரயில், மலைப்பாதை என்று நீண்ட பயணம். முட்டைகள் வழியிலேயே அழிந்துவிட்டன.

அவர்கள் மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டு 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து மறுபடியும் வந்தன. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய மிட்செல் என்பவர் அவற்றைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார். பிறகு ஸ்ரீநகரை அடுத்த ஹார்வானில் பொரிப்பகம் ஏற்பட்டது. அங்கிருந்து லிட்டர், சிந்து, பிரிங்கி என்று பல ஓடைகளுக்கும் டிரவுட் பரவியது. இங்கே சொல்லும் சிந்து, பெரிய சிந்து நதி அல்ல; ஜீலத்தில் கலக்கும் காஷ்மீர் ஆறு.

நம் நீலகிரியிலும் இந்த முயற்சி நடந்தது. பல தோல்விகளுக்குப் பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவரின் உழைப்பால் டிரவுட் வேரூன்றியது. அவலாஞ்சியில் பொரிப்பகமும் அமைந்தது.

வந்த விருந்தாளியால் வீட்டுக்காரருக்குத் தொல்லையும் உண்டு. காஷ்மீரின் ஓடைகளில் பன்னெடுங்காலமாக வாழும் சொந்த மீன் இனங்கள் குறைந்து போனதற்கு, டிரவுட்டும் ஒரு காரணம் என்று மீனியல் அறிஞர்கள் சொல்கிறார்கள்.

ஆறு காணாமல் போனது!

டிரவுட்டுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று தெளிந்த நீர். மற்றொன்று குளிர்ந்த நீர். தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் அதில் பிராணவாயு அதிகமாகக் கரைந்திருக்கும். வெப்பம் 20 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மீன் தவிக்கிறது. 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் குளிர்ச்சியைக் கொடுப்பது மலைமேல் விழும் பனி. அந்தப் பனி உருகி ஓடையாகிறது. ஒரு பகுதி பூமிக்குள் இறங்கி ஊற்றாக வெளிவருகிறது. பனிதான் மீனின் சேமிப்புக் கணக்கு!

அந்தக் கணக்கில் இப்போது பற்று அதிகம், வரவு குறைவு. 2024 ஜனவரியில் பனிச்சறுக்குக்குப் பெயர் பெற்ற குல்மார்க் பனியில்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது. 2025 பிப்ரவரியில், முகலாயர் காலத்துத் தோட்டத்தின் நடுவே பொங்கி வரும் அச்சபல் ஊற்று வற்றிப்போனது. ஊற்றை நம்பியிருந்த சுற்றுப்புறக் கிராமத்தார் திகைத்துப் போனார்கள்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2022 பிப்ரவரியில் இன்னொரு விபரீதம் நடந்தது. கோகர்நாக் அருகே பிரிங்கி ஆற்றின் நடுவில் திடீரென்று பள்ளம் விழுந்தது. ஆற்றின் தண்ணீர் முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மறைந்தது! அந்தப் பகுதி சுண்ணாம்புப் பாறை நிறைந்த பூமி. பாறை கரைந்து உள்ளே பொந்துகள் இருக்கும். மேல் கூரை இடிந்தால் ஆறே உள்ளே போய்விடும்.

பள்ளத்துக்குக் கீழே ஆறு வறண்டது. நேற்றுவரை நீந்திக்கொண்டிருந்த மீன்கள் கூழாங்கற்களின் மேல் துடித்து மடிந்தன. இறகுப் பூச்சியிடம் ஏமாறாமல் தப்பிய கெட்டிக்கார மீன்களும் அவற்றில் இருந்திருக்கும். தூண்டிலிடமிருந்து தப்பலாம். தண்ணீரே போய்விட்டால் எங்கே தப்புவது?

பிடித்து விடுகிறவர்கள்

காஷ்மீரில் நினைத்தவர்கள் நினைத்தபடி டிரவுட் பிடிக்க முடியாது. மீன்வளத் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஓடையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். சீட்டில் குறித்த பகுதியில்தான் கோல் வீசலாம். ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்ற வரம்பும் உண்டு. குளிர்காலத்தில் மீன்கள் சரளைக் கற்களில் குழி பறித்து முட்டையிடும். அப்போது யாருக்கும் அனுமதி கிடையாது.

சாப்பாட்டுக்கு டிரவுட் வேண்டும் என்பவர்களுக்காகப் பண்ணைகள் வந்துவிட்டன. கிராமத்து இளைஞர்கள் ஊற்று நீரைத் திருப்பிக் குட்டை கட்டி, டிரவுட் வளர்த்து விற்கிறார்கள். அவர்களுடைய பிழைப்பும் அந்தக் குளிர்ந்த நீரை நம்பியே நடக்கிறது.

ஓடையில் கோல் வீசுகிறவர்களில் பலர் இப்போது மீனைக் கொல்வதில்லை. எதிர்க்கூர் இல்லாத முள்ளைப் பயன்படுத்துகிறார்கள். மீனைத் தொடும் முன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்கிறார்கள். உலர்ந்த கை பட்டால் மீனின் உடம்பிலுள்ள வழவழப்பு நீங்கி, அதற்கு நோய் வரும். முள்ளைக் கழற்றி, நீரோட்டத்தை எதிர்நோக்கி மீனைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கிறார்கள். அது மூச்சு வாங்கித் தெம்படைந்ததும் கையை விடுகிறார்கள். ஒரே துள்ளலில் மீன் மறைந்துவிடுகிறது.

நாள் முழுவதும் குளிரில் நின்று பிடித்த மீனை ஏன் விட்டுவிட வேண்டும்? வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் அடுத்த வசந்தத்திலும் பனி உருக வேண்டும், பூச்சி பறக்க வேண்டும், மீன் துள்ள வேண்டும். அதைப் பார்க்கப் பிள்ளைகளையும் கூட்டி வர வேண்டும்.

அந்த ஆசை உள்ளவர்கள் மீனை மட்டும் காப்பாற்றினால் போதாது. அது நீந்தும் தண்ணீரையும், தண்ணீர் தரும் பனியையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்!