ஓடும் நீரின்மேல் ஒரு வெல்டிங்

சாலையோரம் புதைந்திருக்கும் பெரிய எஃகுக் குழாயிலிருந்து, புதிய குடியிருப்புக்கு ஒரு கிளைக்குழாய் பிரிக்க வேண்டும். நீர் விநியோகத்தை நிறுத்தினால் வீடுகள், மருத்துவமனைகள், உணவுக்கடைகள் எல்லாம் தவிக்கும். காலியான குழாய்க்குள் அழுக்கு நீரும் புகுந்துவிடலாம். அதனால், நீர் ஓடும்போதே குழாயின்மேல் வெல்டிங் செய்யும் முறை ஒன்று கையாளப்படுகிறது.

எஃகு உருகுவதற்குச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அப்படியானால் குழாய் ஓட்டையாகிவிடாதா?

நீர் செய்யும் நன்மை

காகிதக் கோப்பையில் நீர் ஊற்றித் தீயில் காட்டினால், நீர் இருக்கும் பகுதி எரியாது. வெப்பத்தை நீர் உடனுக்குடன் இழுத்துக்கொள்கிறது. நீரின் தன்வெப்பக் கொள்ளளவு எஃகினுடையதைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு! ஓடும் நீர் குழாயின் உட்சுவரை இப்படித்தான் குளிர்விக்கிறது. ஆனால், துருப்பிடித்து மெலிந்த சுவர் தாங்காது. எனவே, முதலில் மீயொலிக் கருவியால் சுவரின் தடிப்பை அளக்கிறார்கள்.

நீர் செய்யும் தீமை

பழுக்கக் காய்ச்சிய கத்தியைக் கொல்லர் தண்ணீரில் முக்குவது ஏன்? சட்டென்று குளிரும் எஃகு கடினமாகும். கத்திக்கு அது நல்லது. குழாய்க்கோ ஆபத்து. கடினமான எஃகு வளையாமல் விரிசல் விடும். எஃகில் கரிமம் கூடினால் இந்த ஆபத்தும் கூடும்.

வெல்டிங் குச்சியின் பூச்சில் ஈரம் இருந்தால், அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உருகிய எஃகில் கலந்துவிடும். வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் தோன்றலாம். ஆகவே, ஹைட்ரஜன் குறைந்த குச்சிகளைச் சூடான அடுப்புப் பெட்டியில் உலர்வாக வைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

வெப்பம் மிகுந்தால் சுவர் உருகும். குறைந்தால் இணைப்பு விரைவாகக் குளிர்ந்து கடினமாகும். இந்த இரண்டுக்கும் இடையே அளவறிந்து செய்வதுதான் வெல்டரின் திறமை.

கசிவின்மேல் நேராக வெல்டிங் செய்ய முடியாது. நீர் ஆவியானால் அதன் பருமன் சுமார் 1,600 மடங்காகும். அந்த நீராவி உருகிய உலோகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஆகவே, முதலில் கவ்விப் பட்டையால் கசிவை அடைக்க வேண்டும்.

கிளை பிரிப்பது எப்படி?

1. கிளைக்குழாயின் அடித்துண்டைப் பெரிய குழாயின்மேல் வெல்டிங் செய்கிறார்கள்.
2. இணைப்பைச் சோதித்து, அதன்மேல் ஒரு வால்வைப் பொருத்துகிறார்கள்.
3. நீர் கசியாத துளையிடும் இயந்திரத்தை வால்வின்மேல் பூட்டுகிறார்கள்.
4. திறந்த வால்வின் வழியே சென்று, வெட்டுப்பல் குழாய்ச்சுவரை வட்டமாக அறுக்கிறது.
5. அறுபட்ட துண்டோடு அதை மேலே இழுத்து, வால்வை மூடுகிறார்கள்.

இனி இயந்திரத்தைக் கழற்றிவிட்டுக் கிளைக்குழாயை இணைக்கலாம். இவ்வளவும் நடக்கும்போது வீடுகளில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

மாணவர்களே, ஒரு கேள்வி: குழாயில் நீர் இன்னும் வேகமாக ஓடினால் எந்த ஆபத்து குறையும், எது கூடும்? காகிதக் கோப்பையையும் கொல்லரின் கத்தியையும் நினைத்துக்கொண்டு விடை காணுங்கள்.