பீச் ரிசார்ட்டில் மெம்பர் கார்டு: எது கிடைக்கும், எது கிடைக்காது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கும் ஷெரட்டன் ரிசார்ட் மேரியட் குழுமத்தைச் சேர்ந்தது. அதன் 'பான்வாய்' உறுப்பினர் திட்டத்தில் இலவசமாகச் சேரலாம். ஷெரட்டனில் ஒரு டாலர் மதிப்புக்குச் செலவு செய்தால் 10 பாயின்ட். வரிக்குக் கிடையாது.

ஆனால், ரூமை எங்கே புக் பண்றீங்க என்பதில்தான் விஷயமே. டிராவல் ஆப்பில் ரேட் கம்மியா இருக்கேன்னு போட்டால், அறை வாடகைக்கு பாயின்ட் வராது. தங்கிய இரவும் கணக்கில் ஏறாது. மேரியட்டின் சொந்தத் தளத்திலோ ஆப்பிலோ போட்டால்தான் உண்டு.

சரி, காலை டிபன் ஃப்ரீயா? ஆண்டுக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25 இரவுக்கு கோல்டு. ரெண்டுக்குமே டிபன் இல்லை! 50 இரவு தங்கி பிளாட்டினம் ஆன பிறகுதான் அந்தப் பேச்சே.

பிளாட்டினத்திலும் ஒரு கண்டிஷன். மாலை 4 மணிக்கு அறையைக் காலி செய்யும் சலுகை, சிட்டி ஹோட்டல்களில் உத்தரவாதம். ரிசார்ட்டில் அப்படியில்லை, அறை இருந்தால்தான் தருவாங்க. ஞாயிறு மதியம் கடலில் குளிச்சிட்டு வந்து டிரஸ் மாத்திட்டுக் கிளம்பலாம்னு பிளான் இருந்தா, செக்-இன் பண்ணும்போதே ரிசப்ஷனில் கேட்டுடுங்க.

இன்னொண்ணு, 24 மாதம் கணக்கில் எந்த வரவு செலவும் இல்லைன்னா சேர்த்த பாயின்ட் காலாவதி ஆகிடும்.