எஞ்சின் விளக்கு எரிகிறதா? செலவுக்கு முன் சோதனை

காரின் முகப்பில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது. ஆனால் வண்டி வழக்கம்போல் ஓடுகிறது. இழுவையில் குறையில்லை, ஒலியில் மாற்றமில்லை. பணிமனையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தால் ‘பி0135’ என்னும் பிழைக்குறியீடு தென்படுகிறது. “ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும்” என்ற பதில் பல நேரங்களில் உடனே வந்துவிடும். ஆயிரக்கணக்கான ரூபாய் செலவுக்கு இசைவதற்கு முன், அக்குறியீடு உண்மையில் எதைச் சொல்கிறது என்பதை உரிமையாளர் அறிந்திருப்பது நலம்.

சென்சாருக்குச் சூடு எதற்கு?

பெட்ரோல் எஞ்சினின் புகையில் மிஞ்சியுள்ள ஆக்சிஜனை அளப்பதே இந்தச் சென்சாரின் பணி. அது தரும் தகவலைக் கொண்டே எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளின் அளவைக் கூட்டியும் குறைத்தும் செலுத்துகிறது. பெரும்பாலான சென்சார்களின் உள்ளே இருப்பது ஸிர்க்கோனியா என்னும் பீங்கான் வகைப் பொருள். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறிய பின்னரே அது சரியாக இயங்கும். புகையின் வெப்பத்தை மட்டும் நம்பினால் அதற்கு நேரமாகும். ஆகவே சென்சாருக்குள்ளேயே ஒரு சிறு மின் ஹீட்டர் அமைக்கப்பட்டுள்ளது.

அந்த ஹீட்டர் இயங்காவிட்டாலும் கார் ஓடும். ஆனால் சென்சார் சூடாகும் வரை, கணினி முன்கூட்டியே வகுத்த அளவில் எரிபொருளைச் செலுத்தும். நகருக்குள் சிறு தொலைவுகளுக்கே காரை எடுப்பவர்களுக்கு மைலேஜ் குறையலாம். நாளடைவில் புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் பாதிக்கப்படலாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் கொண்ட அதன் விலை சென்சாரின் விலையை விடப் பன்மடங்கு அதிகம். எனவே விளக்கை நீண்ட நாள் புறக்கணிப்பதும் சிக்கனமன்று.

குறியீடு சொல்வது என்ன?

பி0135 என்பது கன்வர்ட்டருக்கு முன்னுள்ள சென்சாரின் ஹீட்டர் மின்சுற்றில் கோளாறு என்று பொருள்படும். பி0141 கன்வர்ட்டருக்குப் பின்னுள்ள சென்சாரைக் குறிக்கும். இரண்டுமே குறிப்பிடுவது ‘மின்சுற்று’. ‘சென்சார் பழுது’ என்று அவை கூறுவதில்லை. ஃபியூஸ், கம்பி, கனெக்டர், ஹீட்டர், கணினியின் கட்டுப்பாடு ஆகிய ஐந்தில் எதில் பழுதிருந்தாலும் இதே குறியீடு தோன்றலாம். செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை.

முதலில் ஃபியூஸ். அது எங்குள்ளது என்பதைக் காரின் கையேடு காட்டும். உருகியிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே மாற்ற வேண்டும். மீண்டும் உருகினால் எங்கோ மின்கசிவு உள்ளது. அதிக ஆம்பியர் ஃபியூஸைப் பொருத்துவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

இரண்டாவது, கம்பியும் கனெக்டரும். சூடான புகைக்குழாயில் பட்டு உருகிய கம்பி, மழைநீரால் பச்சை பூத்த முனைகள், எலி கடித்த இடம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே கண்டறியலாம்.

மூன்றாவது, மின்வரவு. கனெக்டரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, வண்டிப் பக்க முனையில் மல்டிமீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 12 வோல்ட் காட்ட வேண்டும். சில கார்களில் எஞ்சின் ஓடும்போது மட்டுமே இம்மின்சாரம் வரும்.

நான்காவது, ஹீட்டரின் மின்தடை. நான்கு கம்பிகள் கொண்ட சென்சாரில் ஒரே நிறமுள்ள இரண்டு கம்பிகள் பொதுவாக ஹீட்டருக்குரியவை. சென்சார் குளிர்ந்திருக்கும்போது அவற்றுக்கிடையே அளந்தால், பல கார்களில் சில ஓம் முதல் 15 ஓம் வரை காட்டும். சரியான அளவு தயாரிப்பாளரின் பணிமனைக் கையேட்டில் இருக்கும். மீட்டர் தொடர்பே இல்லை என்று காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது. அப்போது சென்சாரை மாற்றுவது நியாயமான செலவு. இந்நான்கும் சரியாக இருந்தால் மட்டுமே கணினிப் பக்கத்தை ஆராய வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஹீட்டரை மட்டும் தனியே மாற்ற இயலாது. முழுச் சென்சாரையே மாற்ற வேண்டும். அதன் கம்பிகளை வெட்டி ஈயம் வைத்து ஒட்டுதல் தகாது. பல சென்சார்கள் ஒப்பீட்டுக்குரிய வெளிக்காற்றைக் கம்பிகளின் வழியாகவே பெறுகின்றன. காருக்குரிய கனெக்டருடன் வரும் சென்சாரையே கேட்டு வாங்குங்கள். புகைக்குழாய் கடும் சூட்டில் இருக்கும்போது எவரும் அதில் கை வைக்கலாகாது. மாற்றிய பின் குறியீட்டை அழித்து, சில நாட்கள் குளிர்ந்த நிலையில் வண்டியைக் கிளப்பி, விளக்கு மீண்டும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வழக்கமான மோட்டார் காப்பீடு இயந்திர, மின் பழுதுகளுக்கு இழப்பீடு தருவதில்லை. ஆகவே காருக்கு உத்தரவாதக் காலம் மீதமிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பணிமனையில் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: மல்டிமீட்டர் காட்டிய அளவு, கழற்றிய பழைய சென்சார், பாக எண்ணுடன் கூடிய ஜி.எஸ்.டி. ரசீது. சோதித்துப் பார்த்த மெக்கானிக் இம்மூன்றையும் தயக்கமின்றித் தருவார்.